ஓசூர் மழைக்கு ஒன்று, தருமபுரி வெயிலுக்கு ஒன்று: கீட்டோன் கரைப்பான்களைத் தேர்ந்து கையாளும் முறை

சித்திரை வெயிலில் தருமபுரியில் அடித்த லாக்கர் காய்ந்தபின் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். மிச்சமிருந்த அதே தின்னரை ஐப்பசி மழையில் ஓசூருக்குக் கொண்டுபோய் அடித்தால் பால் தெளித்தது போல வெளுக்கும். இரண்டு இடத்திலும் திட்டு வாங்குவது பெயிண்ட் கம்பெனிதான். உண்மையில் பெயிண்ட் ஒன்றுதான், மாறியது காற்று. கரைப்பான் எந்த வேகத்தில் பறக்கிறது என்பதை ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாற்றாததுதான் கோளாறு. புதிதாகப் பட்டறை வைப்பவர், வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவர் யாராக இருந்தாலும் கீட்டோன் (அசிட்டோன் முதலான கரைப்பான்களின் குடும்பப் பெயர்) வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எது நன்றாகக் கரைக்கும்?" அல்ல. "எது எவ்வளவு நேரம் நிற்கும்?" என்பதே.

ஐந்து பேர், ஐந்து வேகம்

வேகத்தை அளக்க ஒரு வழக்கம் உண்டு. பியூட்டைல் அசிடேட் ஆவியாகும் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுவார்கள்.

அசிட்டோன்: கொதிநிலை 56 டிகிரி, வேகம் ஏறத்தாழ 6. துடைப்பதற்கும் கழுவுவதற்கும் ராஜா. பெயிண்டில் தனியாக ஊற்றினால் ஸ்ப்ரே கன்னிலிருந்து பீரோவுக்குப் போய்ச் சேருமுன்னே பாதி பறந்துவிடும். தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும்.

எம்.இ.கே. என்கிற மெத்தில் எத்தில் கீட்டோன்: கொதிநிலை 80, வேகம் 4 அளவில். வினைல், பி.யு. (பாலியூரிதேன்), இங்க், பசை எல்லாவற்றையும் கரைக்கும். தண்ணீரில் ஓரளவுக்குத்தான் கலக்கும், 100 மில்லிக்கு 27 கிராம் வாக்கில்.

எம்.ஐ.பி.கே. என்கிற மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோன்: கொதிநிலை 116, வேகம் 1.6. வெயில் ஊரில் ஸ்ப்ரே அடிப்பவருக்குக் கை கொடுப்பது இதுதான். தண்ணீரில் 2 சதவீதம்கூடக் கரையாது.

சைக்ளோஹெக்சனோன்: கொதிநிலை 155, வேகம் 0.3. ஸ்கிரீன் பிரிண்டிங் இங்க், பி.வி.சி. பசை இரண்டிலும் இதைப் பார்க்கலாம். வாடை கனமாக இருக்கும், சீக்கிரம் போகாது.

டைஅசிட்டோன் ஆல்கஹால்: கொதிநிலை 166 அளவில், வேகம் 0.15-ஐத் தாண்டாது. பெயிண்ட் கடையில் 'ரிடார்டர்' (காய்வதை மெதுவாக்குவது) என்று தரும் டப்பாவில் இதுவோ பியூட்டைல் செல்லோசால்வோ இருக்கலாம். இதன் பெயரிலேயே ஆல்கஹால் இருப்பதை நினைவில் வையுங்கள். பி.யு. பெயிண்ட் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் பாதி. நடுவில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் கரைப்பானுக்கு அவை இரண்டு தேசம். அசிட்டோனின் ஆவியழுத்தம் 22.7 டிகிரியில் 200 மில்லிமீட்டர் பாதரசம், 39.5 டிகிரியில் 400. ஓசூரின் இதமான காலைக்கும் தருமபுரியின் மே மாத மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இரண்டு மடங்கு.

வாங்கும்போது

கடையில் நின்று, "அண்ணே, எம்.இ.கே. கால் லிட்டர் குடுங்க" என்று கேட்டால், ஃபைபர் வேலைக்கென்று நினைத்துக்கொண்டு கடைக்காரர் எம்.இ.கே.பி.யை எடுத்து நீட்டலாம். அது எம்.இ.கே. பெராக்சைடு. ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட், கரைப்பானே அல்ல. இரண்டும் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். "கழுவுறதுக்கு எம்.இ.கே. சால்வெண்ட்" என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். லேபிளைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எதற்கு வாங்குகிறீர்கள் என்று விசாரித்தால் கோபப்பட வேண்டாம். 1988-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் அசிட்டோனும் எம்.இ.கே.யும் இருக்கின்றன. பேரல் கணக்கில் எடுத்தால் கேள்வி வரும்.

சில்லறையாக ஊற்றித் தரும் சரக்கில் கலப்படம் சகஜம். வீட்டிலேயே நான்கு சோதனை செய்து பார்க்கலாம்.

முதல் சோதனை தண்ணீர். கண்ணாடிக் குழாயிலோ சின்ன பாட்டிலிலோ 10 மில்லி அசிட்டோனும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்குங்கள். தெளிவாக இருந்தால் சரி. கலங்கினாலோ மேலே தனிப் படலம் நின்றாலோ டொலுயீனோ மலிவு தின்னரோ கலந்திருக்கிறது. எம்.இ.கே.க்கு இதே சோதனை தலைகீழ்: சமபங்கு தண்ணீரோடு அது இரண்டு அடுக்காகப் பிரிய வேண்டும். பிரியாமல் ஒரேயடியாகக் கலந்துவிட்டால் எம்.இ.கே. விலைக்கு அசிட்டோன் வாங்கியிருக்கிறீர்கள்.

இரண்டாவது மயில்துத்தம். மாந்தோப்பு வைத்திருப்பவர் வீட்டில் போர்டோ கலவைக்கு வாங்கியது கிடக்கும். ஒரு ஸ்பூன் எடுத்து, சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய இரும்புச் சட்டியில், வெளியில் வைத்து, நீலம் போய்ச் சாம்பல் வெள்ளையாகும்வரை வறுங்கள். அடுப்பை அணைத்து, நன்றாக ஆறியபின், கரைப்பானை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல், அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையைக் கரைப்பானில் போடுங்கள். நீலம் திரும்பினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. கைகழுவும் வேலைக்கு அது பரவாயில்லை. லாக்கருக்கும் பி.யு.வுக்கும் ஆகாது.

மூன்றாவது கண்ணாடி. ஐந்து துளியைச் சுத்தமான கண்ணாடித் துண்டில் விட்டு ஆறவிடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கையில் எண்ணெய்ப் படலமோ வட்டமோ தெரிந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை உபயோகித்து வடித்த சரக்கு. நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் சேர்ப்பதால் அதுவும் இந்தச் சோதனையில் தோற்கும். பெயிண்டுக்குமுன் துடைக்க அதை வாங்கவே வேண்டாம்.

நான்காவது தெர்மாகோல். ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் 0.79 காட்டினால் நிம்மதியாகிவிடுகிறார்கள். மெத்தனாலும் அதே 0.79-தான், தண்ணீரிலும் அழகாகக் கலக்கும். ஆனால் தெர்மாகோலைக் கரைக்காது. நல்ல அசிட்டோனில் ஒரு துண்டு போட்டால் நுரை அடங்குவது போலச் சுருங்கிப் பிசினாகும். சந்தேகச் சரக்கையும் நம்பகமான சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அளவு துண்டு போட்டுப் பாருங்கள். மந்தமாக இருப்பதில் ஏதோ கலந்திருக்கிறது.

பெங்களூரிலோ ஓசூரிலோ வாங்கிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவது வேண்டவே வேண்டாம். எரியும் திரவத்தைப் பயணிகள் வண்டியில் ஏற்றக் கூடாது.

இடத்தைத் தயார் செய்தல்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1 லிட்டர் அசிட்டோன் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 330 லிட்டர் வாயு. காற்றில் இது 2.5 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குப் பற்றும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர் சொச்சம். இரண்டு லிட்டர் சிந்தி ஆவியானால் அறை முழுக்கவே பற்றும் நிலை. அதுவும் சீராகப் பரவினால்தான். அசிட்டோன் ஆவி காற்றைப்போல் இரண்டு மடங்கு கனம், எம்.இ.கே. ஆவி இரண்டரை மடங்கு. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒரு கப் சிந்தினாலே தரைமட்டத்தில் ஆபத்து. மேலே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு "காற்றோட்டம் இருக்கே" என்பது பயனில்லை. கதவுக்குக் கீழே, தரையை ஒட்டிக் காற்று வெளியே போக வழி வேண்டும்.

அசிட்டோனின் தீப்பற்று நிலை மைனஸ் 20 டிகிரி, எம்.இ.கே.க்கு மைனஸ் 9 அளவில். நம் ஊரில் எந்த மாதமும் இவை பற்றத் தயாராகவே இருக்கின்றன. எம்.ஐ.பி.கே. பதினைந்து டிகிரி வாக்கில். சைக்ளோஹெக்சனோனுக்கு 44. அதைப் பத்திரமானது என்று நினைப்பவர்கள் தகரக் கூரைக்குக் கீழே மதியம் எவ்வளவு சூடு என்று ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

சாதாரண டேபிள் ஃபேனின் சுவிட்சிலோ மோட்டாரிலோ பொறி பறக்கலாம். அதை ஆவி வரும் பக்கத்தில் வைக்காமல், வேலை செய்பவர் முதுகுக்குப் பின்னால், சுத்தக் காற்று வரும் வாசலில் வைத்து, ஆவியை எதிர்ப்பக்கம் வெளியே தள்ளுங்கள். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கிரைண்டர், வெல்டிங், ஃப்ரிட்ஜ், சுவிட்ச் போர்டு எல்லாம் ஒதுங்கி இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது கரண்ட் போய் வந்தால் என்னவெல்லாம் தானாக ஓடத் தொடங்கும் என்று முதலிலேயே பார்த்து அணைத்து வையுங்கள்.

கையுறையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மருந்துக்கடை நீல நைட்ரைல் உறை எண்ணெய்க்கு நல்லது. அசிட்டோனுக்கு அது ஒரு நிமிடம் தாங்கினால் பெரிது, உப்பிக் கிழியும். கையை முக்கி எடுக்கும் வேலைக்குப் பியூட்டைல் ரப்பர் உறை வேண்டும். துணி முகக்கவசம் தூசிக்கு மட்டும். ஆவிக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வைத்த அரைமுகக் கவசம் வேண்டும். 65 டிகிரிக்குக் கீழே கொதிக்கும் அசிட்டோனுக்கு ஐரோப்பிய முறையில் 'ஏ.எக்ஸ்.' என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். வழக்கமான 'ஏ' வகை அதைச் சீக்கிரம் விட்டுவிடும்.

அசிட்டோனுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பாக அமெரிக்கத் தொழிற்சுகாதார அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். வைத்திருப்பது பத்து லட்சத்தில் 250 பங்கு. எம்.ஐ.பி.கே.க்கும் சைக்ளோஹெக்சனோனுக்கும் 20 மட்டும். மெதுவாகப் பறப்பது சாது என்ற எண்ணம் தவறு. எம்.ஐ.பி.கே.யைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. இன்னொன்று: சில ரப்பர் பசைகளில் ஹெக்சேன் இருக்கும். அதை எம்.இ.கே. விட்டு இளக்கி மூடிய அறையில் வேலை செய்தால், ஹெக்சேன் நரம்புக்குச் செய்யும் கெடுதலை எம்.இ.கே. இன்னும் கூட்டிவிடும்.

துடைப்பது ஒரு வேலை, அதைச் சரியாகச் செய்யுங்கள்

பெயிண்ட் உரிவதற்குப் பாதிக் காரணம் துடைப்பில் இருக்கிறது. பனியன் வேஸ்ட்டை அசிட்டோனில் நனைத்து, தகடு முழுக்க ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுக் காயவிடுவார்கள். எண்ணெய் கரைந்தது, கரைப்பான் பறந்தது, எண்ணெய் இருந்த இடத்திலேயே மெல்லியதாகப் பரவி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு துணி வேண்டும். வலது கையில் நனைந்தது, இடது கையில் காய்ந்தது. சாயம் போகாத வெள்ளைப் பருத்தி. நனைந்தது சொட்டக் கூடாது. ஓரடிச் சதுரம் துடைத்தவுடன், ஈரம் மினுமினுக்கும்போதே, காய்ந்த துணியால் ஒரே திசையில் எடுத்துவிடுங்கள். துணியை மடித்துப் புதுப்பக்கம் திருப்புங்கள். காய்ந்த துணியில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் இதைத் தொடருங்கள். தருமபுரி வெயிலில் அசிட்டோன் அந்த இரண்டாம் துணிக்கு அவகாசமே தராது. அங்கே எம்.இ.கே.க்கு மாறுங்கள். கெட்டிக் கிரீஸ் என்றால் முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், காய்ந்தபின் கடைசியாகத்தான் கீட்டோன்.

ஓசூரில் மார்கழிக் காலையில் இதற்கு நேர் எதிரான சிக்கல். அசிட்டோன் பறக்கும்போது தகட்டின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த தகட்டில் பனித்துளி படியும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின்மேல் பிரைமர் அடித்தால் துருவும் கொப்புளமும் பின்னாலேயே வரும். துடைத்தபின் பத்து நிமிடம் பொறுத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்து, சுற்றுப்புறச் சூட்டுக்கு வந்தபின் அடியுங்கள்.

கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் வாங்குபவர்களுக்கு இந்தத் துடைப்பில் ஒரு உபரி லாபம். பாரடைசோ போன்ற பலவண்ணக் கல்லுக்கு இது தேவைப்படாது. கன்னங்கரேல் என்று மின்னும் கறுப்புக் கல்லில் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து ஒரு மூலையில் நன்றாகத் தேயுங்கள். துணி கறுத்தால் கறுப்பு கல்லுடையதல்ல. ஆனால் விரிசலில் ரெசின் ஏற்றுவதற்காக ஹாட் ஏர் கன்னால் சூடாக்கிய ஸ்லாபை அசிட்டோன் கொண்டு துடைக்காதீர்கள். துடைப்பது முதலில், சூடாக்குவது ஆவியெல்லாம் போனபிறகு.

பழைய பெயிண்ட்மேல் புதிது அடிக்குமுன் மறைவான இடத்தில் எம்.இ.கே. துணியை அழுத்தி 30 விநாடி தேய்த்துப் பாருங்கள். கரைந்து துணியில் ஒட்டினால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகை. சுருங்கித் தோல்போல உரிந்தால் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் பேக்கிங் செய்த பவுடர் கோட்டிங்கோ இரண்டு டப்பா பி.யு.வோ. ஓசூர் சிப்காட் வட்டாரத்தில் உதிரிபாகம் செய்யும் யூனிட்களில் வேலைக்குச் சேர்ந்தால் இதன் முறையான வடிவத்தைப் பார்ப்பீர்கள். ஏ.எஸ்.டி.எம். டி 5402 முறைப்படி, விரலில் சுற்றிய துணியை எம்.இ.கே.யில் நனைத்துப் போய்வருவதை ஒன்று என எண்ணி, கஸ்டமர் கேட்ட எண்ணிக்கைவரை தேய்த்து, கீழே உலோகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

லாக்கர் வெளுப்பும் சொரசொரப்பும்

மழைநாளில் என்.சி. லாக்கர் வெளுப்பதற்குக் காரணம் அதே குளிர்ச்சிதான். வேகமாகப் பறக்கும் கரைப்பான் படலத்தைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதன்மேல் படிய, லாக்கர் பால்போலத் திரிகிறது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குமேல் போனால் அன்றைக்கு அடிக்காமல் இருப்பதே மரியாதை. அடித்தே ஆக வேண்டுமென்றால் கலந்து வைத்த லாக்கரில் ரிடார்டர் 5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 50 மில்லி சேர்த்துப் பலகைத் துண்டில் அடித்துப் பாருங்கள். இன்னும் வெளுத்தால் 100 மில்லிவரை போகலாம். அதற்குமேல் ஊற்றினால் இரண்டு நாளானாலும் நகம் பதியும்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? உப்புத்தாளை எடுக்காதீர்கள். வெயில் வந்ததும் தின்னரும் ரிடார்டரும் சமமாகக் கலந்து, மிக மெல்லிய புகைபோல ஒரு கோட்டு. மேற்பரப்பு மீண்டும் இளகி ஈரத்தை விடும். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தெளியவில்லை என்றால் அது ஈர வெளுப்பே இல்லை. மலிவுத் தின்னரில் டொலுயீன் அதிகம். அது என்.சி.யைத் தனியாகக் கரைக்காது. அசிட்டோன் முதலில் பறந்துவிட, டொலுயீன் மட்டும் மிஞ்ச, என்.சி. திரிந்து வெள்ளையாகிறது. இதற்கு மருந்து கடைசிவரை நின்று கரைக்கும் ஒன்று: எம்.ஐ.பி.கே. அல்லது பியூட்டைல் அசிடேட். வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில்கூட வெளுத்தால் இந்த இரண்டாவது வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தருமபுரிச் சொரசொரப்புக்கு வழி எளிது. தின்னரிலுள்ள அசிட்டோனின் பங்கைக் குறைத்து எம்.ஐ.பி.கே. சேருங்கள், சைக்ளோஹெக்சனோன் 5 சதவீதம் விடுங்கள், காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள், பெயிண்ட் டப்பாவை நிழலில் வையுங்கள். கன்னைக் கிட்டே கொண்டுபோய்க் கனமாக அடித்தால் மேலே தோல் கட்டி, உள்ளே மாட்டிய கரைப்பான் பின்னால் ஊசித்துளை போட்டு வெளியே வரும்.

பி.யு. பெயிண்ட் விஷயத்தில் சமாளிப்பே கிடையாது. அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடும் ஆல்கஹாலோடும் வினைபுரியும். டைஅசிட்டோன் ஆல்கஹால் ரிடார்டரை அதில் விட்டால் ஹார்ட்னரைத் தின்றுவிடும், பெயிண்ட் பிசுபிசுப்பாகவே நிற்கும். மயில்துத்தச் சோதனையில் தேறிய, பி.யு.வுக்கென்றே விற்கும் தின்னர் மட்டும். எப்பாக்ஸியில் அசிட்டோன் ஊற்றி இளக்குவதும் இதே வகைத் தவறு. கீட்டோன் அமீன் ஹார்ட்னரோடு கைகோத்துவிடும், மிச்சம் உள்ளே மாட்டி ரெசினை மெத்தாக்கும். எப்பாக்ஸி கெட்டியாக இருந்தால் டப்பாவை வெந்நீரில் உட்கார வைத்து இளக்குங்கள்.

ஸ்ப்ரே கன்னின் ஓ-ரிங் உப்பிப்போனால், விலை அதிகம் என்பதால் விட்டான் ரிங் வாங்கிப் போடுகிறார்கள். பெட்ரோலுக்கு அது அருமை, கீட்டோனுக்கு நைட்ரைல் போலவே அதுவும் உப்பும். இ.பி.டி.எம். அல்லது டெஃப்லான் கேளுங்கள்.

சொட்டுநீர்க் குழாய்

தோட்டத்துக் குழாய் ஒட்டும் பி.வி.சி. சொல்யூஷனிலும் கீட்டோன்தான் வேலை செய்கிறது. அது பசையே அல்ல. குழாயின் இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குவது.

1. ஹெக்ஸாவால் நேராக அறுத்து, பிசிறை உள்ளும் புறமும் கத்தியால் எடுங்கள்.
2. காய்ந்த நிலையில் பொருத்திப் பாருங்கள். சாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்காவது கையால் நுழைய வேண்டும். தொளதொளவென்று முழுசாக இறங்கினால் அந்த ஃபிட்டிங் வேண்டாம்.
3. மண், ஈரம் துடைத்து, அசிட்டோன் துணியால் ஒரு துடைப்பு.
4. சாக்கெட்டுக்குள் மெல்லிசாக, குழாய்மேல் கொஞ்சம் தாராளமாகப் பூசுங்கள்.
5. உடனே தள்ளி, கால் சுற்று திருப்பி, 30 விநாடி பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் வெளியே தள்ளும்.
6. தண்ணீர் அழுத்தம் ஒரு நாள் கழித்து.

சாக்கெட்டுக்குள் அதிகம் பூசினால் அது உள்ளே வழிந்து குழாயின் சுவரில் தேங்கி மெத்தாக்கும். ஆறு மாதம் கழித்து, ஜாயின்டில் ஒழுகாமல், அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி வெடிப்பது இதனால்தான். வெயிலில் கிடந்த குழாயை அரை மணி நிழலில் போட்டுவிட்டு ஒட்டுங்கள். டப்பாவில் ஜெல்லிபோல இறுகிய சொல்யூஷனில் தின்னர் விட்டு மீட்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். கறுப்பு லேட்டரல் டியூப் பாலித்தீன். அதை உலகத்தில் எந்தக் கீட்டோனும் கரைக்காது. பாலிஹவுஸ் ஷீட்டும் அப்படியே. ஜாயினரும் டேப்பும்தான் வழி.

ஃபைபர், அக்ரிலிக், ஏ.பி.எஸ்.

ஃபைபர் வேலையில் அசிட்டோனுக்கு இடம் பிரஷ் கழுவுவதில் மட்டும். பாலியெஸ்டர் ரெசினில் ஊற்றி இளக்கினால் பலம் போகும். கோபால்ட்டை (கெட்டியாவதை முடுக்கும் ஆக்சிலரேட்டர்) முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி, பிறகே எம்.இ.கே.பி.யை ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் சேர்க்க வேண்டும். வெயில் காலத்தில் 1 போதும். கோபால்ட்டும் எம்.இ.கே.பி.யும் நேருக்கு நேர் சந்தித்தால் வெடித்துப் பற்றும். எம்.இ.கே.பி. அளந்த கப்பில் அசிட்டோன் ஊற்றாதீர்கள், அசிட்டோன் கப்பில் எம்.இ.கே.பி.யும் வேண்டாம். தனி கப், தனி அலமாரி.

போர்டு எழுதும் கடைகளில் அக்ரிலிக் ஒட்டக் குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே துடைக்க அசிட்டோன். இரண்டின் கழிவையும் ஒரே கேனில் கொட்டி, அதில் காஸ்டிக் சோடாவோ வேறு காரமோ சேர்ந்துவிட்டால் கடும் சூட்டோடு பொங்கிக் கேனை உடைத்துவிடும். ப்ளீச்சிங் பவுடரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கீட்டோன் அலமாரியில் வைக்கவே கூடாது. அக்ரிலிக் ஷீட்டை அசிட்டோனால் துடைத்தாலும் மயிரிழை விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் போதும்.

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் அச்சடித்த முப்பரிமாணப் பொருளை ஒட்ட, அதே ஏ.பி.எஸ். துணுக்கு 10 கிராமை 40 மில்லி அசிட்டோனில் போட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் தேன்போல ஓடும் பசை இருக்கும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்குக்கு இது பலிக்காது. பளபளப்புக்காக அசிட்டோனை அடுப்பில் சூடாக்கி ஆவி காட்டும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். மூடிய டப்பாவில் நனைத்த டிஷ்யூவை ஒட்டி, அறைச் சூட்டிலேயே ஓரிரு மணி நேரம் வைத்தால் அதே வேலை நடக்கும்.

வைப்பதும் தீயும் கழிவும்

கேனைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. 20 லிட்டர் அசிட்டோன் 20 டிகிரியிலிருந்து 40-க்குப் போனால் அரை லிட்டருக்குமேல் விரியும். பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். தகரமோ கண்ணாடியோ எச்.டி.பி.இ. கேனோ சரி, கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஆகாது. குழந்தைகள் குடிக்கும் அபாயம் அந்த பாட்டிலில்தான் அதிகம். பேரலிலிருந்து இரும்புக் கேனுக்கு ஊற்றும்போது இரண்டையும் செப்புக் கம்பியால் இணைத்து, பேரலைத் தரைக்கு எர்த் செய்யுங்கள்.

தீக்கு ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர், கார்பன் டைஆக்சைடு, உலர்ந்த மணல். சாதாரண நுரையை அசிட்டோன் கரைத்துவிடும், ஆல்கஹால் தாங்கும் நுரை வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108.

கழுவிய கரைப்பானை மூன்று கேனாக வையுங்கள்: முதல் கழுவுக்குப் பழையது, இரண்டாவதுக்கு ஓரளவு தெளிந்தது, கடைசிக்குப் புதுசு. முதல் கேனை இரண்டு நாள் ஆடாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மீண்டும் முதல் கழுவுக்கு எடுக்கலாம். செலவு பாதியாகும். வண்டலைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். யூனிட் நடத்துபவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு, 90 நாளுக்குள் அங்கீகாரம் பெற்றவரிடம் அனுப்ப வேண்டும். நனைந்த துணிகளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, அன்றன்றைக்கு வெளியே எடுங்கள்.

காலிப் பேரலை நிறைந்த பேரலைவிட அதிகமாகப் பயப்படுங்கள். உள்ளே திரவம் இல்லை, ஆவியும் காற்றும் பற்றும் விகிதத்தில் கலந்து நிற்கின்றன. தண்ணீர்த் தொட்டிக்கென்று வாங்கிப் போய் மேல்மூடியைக் கிரைண்டராலோ கேஸ் கட்டராலோ அறுப்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கேட்டு வந்தால் விற்காதீர்கள். மூடியை இறுக்கி, லேபிளைக் கிழிக்காமல், சப்ளையரிடமே திருப்பி அனுப்புங்கள்.